விஞ்ஞானம் கைவருமாறு

விழாமலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். நாம் எடுத்துக்கொண்டதோ விஞ்ஞானக் கல்வி. தமிழாசிரியர்க்கு அங்கே என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை எளிது. விஞ்ஞான வகுப்பில் இடர்ப்படும் மாணவன் தன் இடரை அப்பாடத்து ஆசிரியரிடம் எடுத்துரைக்க நாணுகின்றான்; தமிழாசிரியரிடம் அந்த நாணம் அவனுக்கில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பான் போல நூலை விரித்துக்கொண்டு வருவான். சொல்லிலே தொடங்கிய பேச்சு, "இப்பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறிவிடலாமோ?" என்பதிலே வந்து நிற்கும். பன்னிரண்டாந் தரத்து முதலாந் தவணைப் பரீட்சை முடிந்ததும் ஆண்டுதோறும் இப்பேச்சு எம்மிடம் வருவது வழக்கம். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை, உயர்தரப் பௌதிகவியலில் 30 புள்ளியைக் கண்டு திகைத்து நிற்குங் காலம் அது.

அப்பிள்ளைக்குச் சொல்லத்தக்கது யாது? "விஞ்ஞானம் கடினமன்று, மனம் வைத்தால் எளிது" என்று தேற்றுவார் பலர். நாம் அவ்வாறு சொல்வதில்லை. விஞ்ஞானம் கடினந்தான். எளிதென்று கேட்டு உட்புகுந்தவன், கடினத்தைக் கண்டவுடன் குறை தன் அறிவிலே உள்ளதென்று முடிவு செய்துவிடுகின்றான். கடினமென்று அறிந்து புகுந்தவனோ அக்கடினம் எவ்விடத்தது என்று தேடுவான். தேடினால் ஒன்று புலப்படும். 'விஞ்ஞானம் விளங்கவில்லை' என்னும் ஒரே முறைப்பாட்டினுள்ளே வெவ்வேறு இடர்கள் மறைந்து கிடக்கின்றன. சிலருக்குச் சொல் இடர்; சிலருக்குக் கணிதம் இடர்; சிலருக்கோ காலம் போதாமையே இடர். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

சொல்லிடரை முதலில் எடுப்போம். அது எம் தொழிலைச் சார்ந்தது. இலங்கையில் விஞ்ஞான பாடங்கள் தாய்மொழிக்கு மாறிவந்த 1950களிலும் 1960களிலும் அரசகருமமொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். அவற்றுட் பல சொற்கள் தமிழறிவு மிக்கோரால் நுணுகி ஆக்கப்பெற்றவை. ஆயின் ஆக்கியோர் கருத்து மாணவனைச் சென்றடையாமையால் அவன் அவற்றை மந்திரம் போல உருவேற்றுகின்றான். 'ஆர்முடுகல்' என்னுஞ் சொல்லைப் பாருங்கள். இச்சொல்லைக் கண்டு அஞ்சாத மாணவன் அரியன். யாப்பிலக்கணம் கற்றார்க்கோ முடுகு என்பது புதிதன்று. தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. விரைந்து செல்லும் ஓசை அது. ஆர்தல் நிறைதலையும் அமர்தல் அடங்குதலையும் குறிக்கும். எனவே விரைவு ஏறிச் செல்வது ஆர்முடுகல் என்றும், விரைவு அடங்கிச் செல்வது அமர்முடுகல் என்றும் பிரித்துப் பொருள் கொள்ளலாம். தரிப்பிடத்திலிருந்து புறப்படும் பஸ் வண்டி ஆர்முடுகுகின்றது. அடுத்த தரிப்பிடத்தை அணுகும்போது அமர்முடுகுகின்றது. இடையிலே நேரான வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் என மாறாத வேகத்தில் ஓடுகையில் அதற்கு ஆர்முடுகலே இல்லை. வேகம் மிகுதியாயின் ஆர்முடுகலும் மிகுதி என்று எண்ணுவது மாணவர் பலர்க்கும் உள்ள மயக்கம். சொல்லைப் பிரித்துக் காட்டினால் அம்மயக்கத்தின் பாதி நீங்கிவிடும்.

'நிறமூர்த்தம்' என்பதும் அத்தகையதே. அதன் ஆங்கிலப் பெயர், நிறம் என்றும் உடல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் கூடி ஆயது. கலத்துக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது அவ்வுறுப்புக்கள் நிறமேற்றுத் துலங்கினமையால் அப்பெயர் வந்தது. தமிழிலும் நிறத்தையும் மூர்த்தத்தையும் சேர்த்து அவ்வாறே அமைத்தனர். திருவிழாக் காலத்தில் மூர்த்தங்களைத் தரிசித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இச்சொல் அச்சந் தர வேண்டியதில்லை.

இக்காலத்து மாணவர்க்குப் புதிய தொல்லை ஒன்றும் சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டு ஆசிரியர்களின் விரிவுரைகளை அவர்கள் கைப்பேசியிலே கேட்கின்றனர், கேட்பது நன்றே. ஆனால் நாம் திணிவு என்பதை அங்கே நிறை என்பர். நாம் நிறை என்பதை எடை என்பர். ஒரு பொருளைச் சந்திரனுக்குக் கொண்டுசென்றால் அதன் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகக் குறையும் என்று நம் நூல் கூறும். நிறை எங்கும் மாறாது என்று அவர் நூல் கூறும். இரண்டும் சரி. பொருளில் அடங்கிய சடத்தின் அளவை ஒருவரும், அப்பொருளைக் கோள் தன்பால் இழுக்கும் விசையை மற்றவரும் அதே சொல்லாற் குறிக்கின்றனர். இதனை முன்னரே எடுத்துச் சொல்லாவிடின், மாணவன் தனக்குப் பௌதிகவியல் வராது என்று எண்ணிவிடுவான். அவனுக்கு வராதது பௌதிகவியல் அன்று. இரு நாட்டு வழக்கின் வேறுபாடே அது.

சொல்லிடர் நீங்கினால் எத்துணைக் கடினமான விஞ்ஞானமும் நம்மவர்க்குக் கைவரும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே பழைய சான்று உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அதன் பொருட்டுத் தமிழைக் கற்றுக் கலைச்சொற்களைத் தொகுத்தார். மாணவரோடும் தமிழறிஞரோடும் இருந்து நூல்களை மொழிபெயர்த்தார். 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என அவை வெளிவந்தன. 'கெமிஸ்தம்' என்னும் பெயரைக் கேட்டு இன்று புன்னகை புரியலாம். ஆயினும் அந்நூல்களைக் கற்று, உடலைக் கூறுசெய்து, எலும்பும் நரம்பும் பெயர் சொல்லி அறிந்து, வைத்தியராய் வெளியேறியவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளே. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884 இல் இறக்கும் வரை, தமிழ் நூல்களை அவர் கைவிடவில்லை.

அயன்மொழியிலே விஞ்ஞானம் கற்கப் புகுந்து இடர்ப்பட்டவர்களுள் மேரி கியூரி அம்மையாரும் ஒருவர். போலந்து நாட்டிலிருந்து 1891 இல் பாரிசு நகரம் சென்றபோது பிரெஞ்சு விரிவுரைகளைத் தொடர்வது அவருக்கு அரிதாயிருந்தது. கணிதத்திலும் பௌதிகத்திலும் உடன் மாணவரினும் தாம் பின்தங்கியிருத்தலையும் கண்டார். 1893 இல் பௌதிகப் பட்டத் தேர்வில் முதலாமிடமும், 1894 இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடமும் பெற்றார். இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் உழைப்பைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்பதில்லை. நோபெற் பரிசைப் பற்றியே கேட்கின்றனர்.

இனிக் கணிதம். இது சொல்லிடரினும் பெரிது. கணிதம் வாராதவன் விஞ்ஞானியாதல் இயலாது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். கணிதப் பயிற்சி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய மைக்கேல் பரடே, எளிய அட்சரகணிதத்துக்கு அப்பால் அதிகம் அறியாதவர் என்பதைப் பலர் அறியார்.

பரடே 1791 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அணித்தாக ஒரு கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்தவர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் தவிரப் பள்ளியிலே அவர் கற்றது அதிகமில்லை. 14 ஆம் வயதில் நூல் கட்டும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது வாசிக்கவுந் தொடங்கினார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின் பற்றிய கட்டுரையும், சேன் மார்செற்று என்னும் அம்மையார் உரையாடலாக எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வாசித்ததை நம்பி விடாமல், கைக்காசு செலவிட்டுச் சிறு கருவிகள் அமைத்து, நூலிற் சொன்னது மெய்தானா என்று செய்து பார்த்தார். அக்கடையின் மாடியிற் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் படம் வரையக் கற்றார். தம் நினைவாற்றல் போதாதென்பது அவருடைய கவலை. அதனாற் கேட்டதையெல்லாம் குறிப்பெழுதி, பின்னர்த் தம் சொந்தச் சொற்களில் விரித்தெழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டார்.

1812 ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டினால், இராயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுள் நான்கினைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களோடு எழுதி, தாமே அழகுறக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். 1813 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனத்தின் ஆய்வுகூட உதவியாளராக அவருக்கு வேலை கிடைத்தது. நூல் கட்டும் தொழில் வீண்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரை டேவியின் முன் கொண்டுபோய் நிறுத்தியது பரீட்சைப் புள்ளி அன்று. கட்டப்பட்ட ஒரு குறிப்புப் புத்தகம்.

பரடேயின் பெரிய கண்டுபிடிப்பு எவ்வாறு வந்தது என்பதை நம் மாணவர்க்குச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே திசையறிகருவியின் ஊசி திரும்புதலை 1820 இல் டென்மார்க்கு நாட்டு ஏர்சுதெட்டு கண்டார். மின்னிலிருந்து காந்தம் பிறக்குமாயின் காந்தத்திலிருந்து மின் பிறவாதோ? காந்தத்தை மின்னாக மாற்றுக என்று பரடே 1822 இல் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1824 இல் முயன்றார், கிட்டவில்லை. 1825 இல் முயன்றார், கிட்டவில்லை. 1828 இலும் அவ்வாறே. 1831 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 29 ஆந் திகதி, மெல்லிரும்பு வளையம் ஒன்றின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளையும் மறுபக்கத்தில் இன்னொரு சுருளையும் சுற்றி, முதற் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மறு சுருளோடு தொடர்புற்ற ஊசி சற்றே அசைந்து, பழைய நிலைக்கு மீண்டது. மின் ஓடிக்கொண்டிருக்கையில் ஊசி அசையவில்லை. இணைப்பை எடுத்தபோது மீண்டும் ஒருமுறை அசைந்தது.

முன்னைய முயற்சிகள் கிட்டாமற் போனமைக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. நிலையான காந்தம் நிலையான மின்னோட்டத்தைத் தரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். மெய்யிலோ, காந்தப் புலம் மாறும் கணத்திலேதான் மின் தூண்டப்படுகின்றது. அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் காந்தத் தண்டினைச் சுருளுக்குள் நுழைத்தும் எடுத்தும் அதனை உறுதிசெய்தார். அம்மாதத்திலேயே காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றித் தொடர்ந்து மின் பெறவுஞ் செய்தார். லக்சபானாவிலே நீர்விசையாற் சுழன்று நமக்கு மின் தரும் பொறியும் அதே தத்துவத்தில் இயங்குவது.

இவை யாவற்றையும் பரடே சமன்பாடுகளால் எழுதவில்லை. காந்தத்தைச் சூழ விசைக்கோடுகள் பரந்து கிடப்பதாக மனக்கண்ணாற் கண்டு, சொற்களாலும் படங்களாலும் எழுதினார். கணித வல்லுநராகிய சேம்சு கிளார்க்கு மாக்சுவெல் 1856 அளவில் அவ்விசைக்கோடுகளைக் கணிதமாக்கத் தொடங்கினார். அவருடைய கட்டுரையைப் பெற்ற பரடே 1857 இல் எழுதிய கடிதத்தில் ஒரு விண்ணப்பஞ் செய்தார்: கணித அறிஞர்கள் தாம் கண்ட முடிபுகளை, எம்போல்வார் பரிசோதனைக்குப் பயன்கொள்ளுமாறு, பொதுமொழியிலும் எடுத்துரைத்தலாகாதோ என்பதே அதன் கருத்து. அப்போது அவருக்கு வயது 66, உலகறிந்த அறிஞர். தமக்கு அக்கணிதம் எட்டவில்லை என்று, தம்மினும் நாற்பது ஆண்டு இளையவருக்கு எழுத அவர் கூசவில்லை. நம் வகுப்புக்களிலே கை உயர்த்தி 'விளங்கவில்லை' என்று சொல்லக் கூசுகின்ற பிள்ளைகள் எத்தனை பேர்!

தமிழாசிரியர் என்ற முறையில் எம்மைக் கவர்ந்த செய்தி இன்னொன்றுண்டு. தாம் கண்டவற்றுக்குத் தக்க பெயர் வேண்டி, 1834 இல் கேம்பிரிச்சிலிருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் புலமையாளரைப் பரடே நாடினார். கிரேக்க மொழியில் மேல்வழி, கீழ்வழி, செல்வது என்னும் பொருள்பட அவர் ஆக்கிக் கொடுத்த சொற்களே அனோட்டு, கதோட்டு, அயன் என்பன. இரசாயன மாணவன் நாள்தோறும் உச்சரிக்கும் அச்சொற்கள், ஒரு பரிசோதகரும் ஒரு மொழியறிஞரும் கடிதம் எழுதிக் கலந்து பெற்றவை. விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆசிரியர் அறையிலே தேநீர் அருந்தும்போது இத்தகைய பேச்சு நிகழ்ந்தால் நன்று. பெரும்பாலும் நிகழ்வது துடுப்பாட்டத்தைப் பற்றிய பேச்சே.

பரடே தாம் வேண்டிய பொதுமொழியைத் தாமே வழங்கியுஞ் சென்றார். இராயல் நிறுவனத்தில் 1825 இல் தொடங்கிய நத்தார்க்கால விரிவுரைகளில், இளைஞர் பொருட்டு அவர் 19 தொடர்கள் நிகழ்த்தினார். அவற்றுட் புகழ்பெற்றது ஒரு மெழுகுதிரியைப் பற்றியது. 1861 இல் நூலாகவும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு மெழுகுதிரியினும் அணித்தானது குத்துவிளக்கு. நவராத்திரியில் நம் மண்டபத்தில் ஏற்றும் விளக்கையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் கீழே கிடக்கின்றது. சுடர் மேலே நிற்கின்றது. எண்ணெய் மேலேறுவது எங்ஙனம்? திரியின் நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகள் வழியே ஏறுகின்றது. மயிர்த்துளைமை என்று நூலில் வாசிப்பது இதுவே. ஏறிய எண்ணெய் நேரே எரிவதில்லை. வெப்பத்தினால் ஆவியாகி, அவ்வாவியே எரிகின்றது. சுடரின் மஞ்சள் ஒளி எதனால் வருகின்றது? குளிர்ந்த வெண்கலத் தட்டொன்றைச் சுடரினுள்ளே சிறிது நேரம் பிடித்தால் கரி படியும். நம் பாட்டிமார் மை கூட்டியது அக்கரியைக் கொண்டே. தட்டு இல்லாதபோது அக்கரித் துணிக்கைகள் செஞ்சூடாகி ஒளிர்கின்றன. அவ்வொளியே நாம் வணங்கும் ஒளி. சுடர்க்கு மேலே, வெம்மையால் வெடித்துவிடாதவாறு சற்று உயரத்தில், உலர்ந்த குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனி போல் நீர் படியும். எரியும் எண்ணெயிலிருந்து நீர்! எண்ணெயிலுள்ள ஐதரசன் வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடியதன் விளைவு அது.

இவற்றைச் செய்து காட்டக் கருவி வேண்டா, பணம் வேண்டா. 'தகனம்' என்னும் பாடத்தை மனனஞ் செய்த மாணவனுக்கும், தட்டிற் கரி படிந்ததைக் கண்ட மாணவனுக்கும் வேறுபாடு உண்டு. எம் கருத்து இதுவே: விஞ்ஞானத்தில் விருப்பு முன்னே வந்து கல்வி பின்னே வருவதில்லை. ஒன்றைக் கையாற் செய்து, எதிர்பார்த்தது நிகழாமை கண்டு, ஏன் என்று கேட்டு, மறுபடியும் செய்யும்போது விருப்பு மெல்ல மெல்ல வந்து சேர்கின்றது. பரடேயின் ஆய்வேட்டில் எண்ணிட்டு எழுதிய பந்திகள் 16,000 க்கு மேற்பட்டன. அவற்றுட் பல, எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்று பதிந்தவை.

மூன்றாவதாகிய காலத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை 15 வயதிற் பெற்ற புள்ளி எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பது ஆசிரியராகிய எம்மனோர் உள்ளத்தில் இருக்கவேண்டிய வினா. இங்கிலாந்தில் ஈற்றன் கல்லூரியில் 1949 இல் யோன் கேடன் என்னும் மாணவன் உயிரியலில் 250 பேருள் கடைசியாய் வந்தான். ஒரு வேலைக்கு 50 க்கு 2 புள்ளி. அவனுக்கு விஞ்ஞானியாகும் எண்ணம் இருப்பதாகத் தெரிகின்றதென்றும், இப்போதைய நிலையில் அது நகைப்புக்கிடமானதென்றும், அவனுக்கும் கற்பிப்பார்க்கும் காலம் வீணென்றும் ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். அதன்பின் அக்கல்லூரியில் அவனுக்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படவில்லை. இலத்தீனும் கிரேக்கமும் கற்றான்.

ஒக்சுபோட்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்ததும் அப்பழைய மொழிகளுக்கே. பின்னர் ஓராண்டு தனியே விலங்கியல் பயின்று துறை மாறினார். ஆபிரிக்கத் தவளையினத்தின் முட்டையிலே கருவை அழித்துவிட்டு, வாற்பேயின் குடற்கலம் ஒன்றிலிருந்து எடுத்த கருவை அதனுட் செலுத்தினார். அம்முட்டைகளுட் சில வாற்பேயாயின. சில முழுத் தவளையுமாயின. குடலாக மாறிவிட்ட கலத்தின் கருவிலும், முழு உடலை ஆக்குதற்கு வேண்டிய செய்தி அழியாது உளது என்பது இதனாற் புலனாயிற்று. 1962 இல் வெளிவந்த அவ்வாய்வுக்கு 2012 இலே நோபெற் பரிசு கிடைத்தது. 2025 இல் இறந்த அவர், அப்பள்ளி அறிக்கையைச் சட்டமிட்டுத் தம் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

இக்கதையைச் சொல்லி, புள்ளி குறைந்தோர் யாவரும் பின்னாளில் நோபெற் பரிசு பெறுவர் என்று மாணவரை மயக்குவது எம் நோக்கமன்று. அவ்வாறு சொல்வார் உரையை நாம் விரும்புவதுமில்லை. அவ்வாசிரியர் அளந்த புள்ளி சரியாகவே இருந்திருக்கலாம். கேடன் அக்காலத்தில் ஒப்புவிக்கும் பாடத்திற் பின்தங்கியவரே. ஆனால் அதே சிறுவன் விட்டிற் பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்து வந்தான் என்பது அறிக்கையில் இடம்பெறவில்லை. இடம்பெறுதற்கு அங்கே நிரல் இல்லை. நம் முன்னேற்ற அறிக்கையிலும் அந்நிரல் இல்லை.

அப்பரிசை அவரோடு பகிர்ந்த சப்பானியர் சின்யா யாமனாக்கா, முதலில் எலும்புச் சத்திரசிகிச்சை பயின்றவர். பிறர் விரைவில் முடிப்பதை இவர் நெடுநேரம் எடுத்துச் செய்ததனால், தடை என்னும் பொருளுடைய 'சாமா' என்னுஞ் சொல்லைப் புணர்த்து 'சாமனாக்கா' என்று அழைத்தனர் என அவரே கூறியுள்ளார். சத்திரசிகிச்சையை விட்டு ஆய்வுக்குச் சென்றார். வைத்தியத் தொழிலிலே கைவராதவர் விஞ்ஞானத்திலே கைவந்தார்.

இவ்விடத்திலே பெற்றோரை நோக்கியும் ஒரு சொல். விஞ்ஞானப் பிரிவு என்றால் வைத்தியர் அல்லது பொறியியலாளர் என்று இரண்டு வாயிலே நம் வீடுகளில் உண்டு. அவ்விரண்டும் அடைபட்டால் 'பிள்ளை தவறிவிட்டான்' என்று துக்கங் கொண்டாடுகின்றனர். உயிரியலை உண்மையாக விரும்பும் பிள்ளை, இசட் புள்ளி சிறிது குறைந்தமையால் அதனை என்றென்றைக்கும் வெறுக்கக் கண்டிருக்கின்றோம். விருப்பே இல்லாத பிள்ளையை அயலவர் பொருட்டு அப்பிரிவிலே இருத்தி வைப்பதையும் கண்டிருக்கின்றோம். அத்தகைய பிள்ளை கலைப்பிரிவுக்கு வந்தால் நாம் மகிழ்ந்து ஏற்போம். அஞ்சி ஓடி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவோம். ஒரு தவணையேனும் பொறுத்து, இடர் எவ்விடத்தது என்று பார்த்த பின் வா என்போம்.

அவ்விரு வாயிலுக்கும் வெளியே வேலை இல்லையா? யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குங்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. சுண்ணாம்புக் கற்படையினுள்ளே தங்கிய மழைநீரையே கிணறுகள் தருகின்றன. அளவுக்கு மேல் இறைத்தால் கடல்நீர் உட்புகும். தோட்டத்துக்கு இடும் பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்றாய்க் கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமின் மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்குந் திறன் குன்றும். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று நாவினாற் சுவைத்து அறிய முடியாது. மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்தில் அளந்து, அடுத்த பருவத்திலும் அளந்து ஒப்பிட ஆள் வேண்டும். இதற்கு வேண்டிய இரசாயனவியல், உயர்தர வகுப்பில் இடர்ப்பட்டும் விடாது கற்ற ஒருவனுக்கு எட்டக்கூடியதே. மண்ணைப் பரிசோதிப்பார், பயிர்நோய் காண்பார், குருதி மாதிரியைப் பகுப்பார், வானிலையைப் பதிவார் ஆகிய யாவரும் விஞ்ஞானத்தாலே வாழ்வோர். அவர்களிற் பலர் பள்ளிக்காலத்தில் முதன்மாணாக்கர் அல்லர்.

பழைய மாணவர்களாகிய உங்களுள்ளும் அத்தகைய தொழில் புரிவோர் பலர் உளர். ஆண்டு விழாக்களுக்கு வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நாம் அழைத்து மாலை இடுகின்றோம். ஆய்வுகூடத்தில் வேலைசெய்வோரை அழைத்ததாக நினைவில்லை. இவ்விழா ஆண்டிலேனும் அவர்கள் ஒரு சனிக்கிழமை முற்பகலில் வந்து, பன்னிரண்டாந் தர மாணவரோடு நம் ஆய்வுகூடத்திலே நிற்றல் வேண்டும். மேடையும் மாலையும் வேண்டா. தாம் நாள்தோறும் செய்யும் பரிசோதனை ஒன்றைப் பிள்ளைகள் கையாற் செய்வித்து, தமக்குப் பள்ளியில் எந்தப் பாடம் வரவில்லை, அதனைப் பின்னர் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதையும் கூறினாற் போதும். வர விரும்புவோர் விஞ்ஞான மன்றப் பொறுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதினால் நாளைக் குறித்து அறிவிப்பர். மாதிரிக்குக் கிணற்று நீர் கொண்டுவருவதாயின், கழுவி உலர்த்திய போத்தலில், அந்நீராலேயே இருமுறை அலசிய பின்னர் நிரப்பிக் கொண்டுவருக.